மூன்று மதிப்பெண் புண்

பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் எங்கள் மேசைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் காலையில், கட்டுகளைப் பிரிப்பதற்கு முன்பு, முதன்மைத் தேர்வாளர் ஒரே ஒரு விடையை எடுத்து எங்கள் ஆறு பேரிடமும் சுற்றுக்கு விடுவார். விலங்கியல், மூன்று மதிப்பெண் கேள்வி. விடைக்குறிப்பு எல்லோர் கையிலும் இருக்கும். அடுத்தவர் போட்டதைப் பார்க்காமல் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் மதிப்பெண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டுகளைப் பிரித்தால் இரண்டு பேர் 3 போட்டிருப்பார்கள், மூன்று பேர் 2, மிச்சமுள்ள ஒருவர் 1. அந்த ஒருவர் பெரும்பாலும் நானாகவே இருப்பேன் என்பது வேறு கதை. ஆறு பேருக்கும் பதினைந்து ஆண்டுக்குக் குறையாத அனுபவம். யாருக்கும் அந்த மாணவன்மேல் பகை கிடையாது.

பிறகு டீ வரும், வாக்குவாதம் வரும், ஒருவழியாக உடன்பாடும் வரும். மதியத்துக்குள் எல்லோருடைய கையும் ஒரே அளவுக்குப் பழகிவிடும். மூன்றாம் நாள் மறுபடி விலகத் தொடங்கும்.

இதை இங்கே சொல்லக் காரணம் என் குடல்.

மதுரையில் நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் குடல்நோய்ப் பிரிவில் மூன்று மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அங்கே ஒரு வங்கி ஊழியர் பழக்கமானார். முப்பது வயது இருக்கும். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு இருப்பது பெருங்குடல் புண் அழற்சி. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று சொன்னால்தான் மருந்துக் கடையில் புரியும். ஒரு நாள் இரண்டு அறிக்கைகளை என் முன்னால் நீட்டினார். செய்தது ஒரே கொலோனாஸ்கோப்பிதான், அதாவது குழாய்க் கேமராவை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. அதன் பதிவைக் குறுந்தகட்டில் வாங்கி, இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார். முதல் தாளில் 'மேயோ 1' என்று இருந்தது. இரண்டாவதில் 'மேயோ 2'.

"அக்கா, இதில் எது சரி?"

"என்னிடம் கொடுத்திருந்தால் நான் மூன்றாவதாக ஒன்று போட்டிருப்பேன், தம்பி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடிய இடமும் இல்லை அது.

மேயோ என்பது 1987-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மெசலமின் மருந்தைச் சோதித்தபோது வகுத்த அளவுகோல். குழாய்க் கேமரா காட்டும் பெருங்குடல் சுவருக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். நலமான சுவரில் ஆலிலையின் பின்புறம் தெரியும் நரம்புகளைப் போல இரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரியும், அது 0. சிவந்து, அந்த நரம்போட்டம் மங்கத் தொடங்கினால் 1. நரம்போட்டம் முற்றிலும் மறைந்து, கருவி பட்டாலே இரத்தம் கசிந்து, சுவர் அங்கங்கே அரித்திருந்தால் 2. தொடாமலேயே இரத்தம் வடிந்தால், புண்கள் குழிவிழுந்திருந்தால் 3. லேசாகத் தொட்டவுடன் கசிந்தால் அது 1-ஆ 2-ஆ என்பதில் காலப்போக்கில் விதியே மாறியிருக்கிறது. விடைக்குறிப்புக்குத் திருத்தம் வெளியிடுவது எங்கள் துறையில் மட்டும் நடப்பதில்லை போலும்.

மருந்துச் சோதனைகளில் 0, 1 இரண்டையும் 'ஆறிவிட்டது' என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்; 2, 3 என்றால் நோய் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. ஆக, தேர்ச்சிக் கோடு 1-க்கும் 2-க்கும் நடுவில் போகிறது. வங்கிக்காரத் தம்பி நின்றது சரியாக அந்தக் கோட்டின்மேல். ஒரு பக்கம் விழுந்தால் அதே மாத்திரையைத் தொடரலாம். மறுபக்கம் என்றால் மாதச் சம்பளத்தைக் கேட்கும் ஊசிமருந்து.

இந்தக் கோட்டின்மேல்தான் செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் முதலில் கைவைத்தார்கள். 2019-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 3,082 நோயாளிகளின் 16,514 படங்களை நரம்பு வலைப்பின்னல் என்ற வகைக் கணினி நிரல் ஒன்றுக்குக் காட்டிப் பழக்கினார்கள். 'சிவப்பைப் பார், கசிவைப் பார்' என்று அதற்கு யாரும் சொல்லித்தருவதில்லை. படத்தையும் அதற்கு மனிதர் போட்ட மதிப்பெண்ணையும் சேர்த்துக் காட்டுவார்கள், அது ஒரு மதிப்பெண்ணை ஊகிக்கும், தப்பாக இருந்தால் தன் உள்ளே இருக்கும் இலட்சக்கணக்கான எண்களைக் கொஞ்சம் திருகிக்கொள்ளும், மறுபடி ஊகிக்கும். சலிப்பு, பசி, டீ எதுவும் இல்லாத உதவித் தேர்வாளர்.

முடிவில் ஒப்பிட்டார்கள். முழு உடன்பாடு என்றால் 1, குருட்டாம்போக்கில் போட்டால் 0 என்று வைத்துக்கொள்ளும் ஓர் அளவில், மனிதருக்கும் மனிதருக்கும் இருந்த உடன்பாடு 0.86. இயந்திரத்துக்கும் மனிதருக்கும் 0.84. இதை வைத்து 'நிபுணருக்கு நிகரான இயந்திரம்' என்று தலைப்புப் போடலாம், தப்பில்லை. முகாமில் உட்கார்ந்து பழகிய எனக்கு வேறொன்று உறைத்தது. இந்த உதவித் தேர்வாளரிடம் இருக்கும் ஒரே விடைக்குறிப்பு, எங்களைப் போன்றவர்கள் போட்ட மதிப்பெண்தான். நாங்கள் இழுபறியாக நின்ற இடங்களில் அதுவும் இழுபறியைத்தான் கற்றுக்கொண்டிருக்கும். அதனால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. மூன்றாம் நாளும் முதல் நாள் போட்டது போலவே போடும் ஒரு கை எங்கள் மேசையில் இருந்திருந்தால், மறுமதிப்பீட்டு விண்ணப்பங்களில் பாதி வந்திருக்காது.

இதைவிட எனக்குப் பிடித்தது 2020-இல் டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் செய்தது. 2,012 நோயாளிகளின் 40,758 படங்களோடு, அதே இடங்களில் கிள்ளியெடுத்த 6,885 திசுத் துணுக்குகளின் முடிவையும் சேர்த்துக் கற்பித்தார்கள். அதாவது, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை இன்னொரு ஆசிரியரின் மதிப்பெண்ணோடு மட்டும் ஒப்பிடாமல் செய்முறைத் தேர்வோடும் ஒப்பிட்டார்கள். பிறகு அது முன்பின் பார்த்திராத 875 பேரிடம் சோதித்தபோது, நுண்ணோக்கியின் கீழும் அழற்சி அடங்கிவிட்டதா என்பதைப் படத்தை மட்டும் பார்த்து 92.9 விழுக்காடு சரியாகச் சொன்னது. வெளியே நலமாகத் தெரிந்தும் உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருக்கும் குடல்கள் உண்டு. அவைதான் சில மாதங்களில் மறுபடி வெடிக்கும். அதைக் கிள்ளாமல் சொல்ல முடியும் என்றால், கிள்ளு வாங்கியவள் என்ற முறையில் நான் கைதட்டுவேன்.

வங்கிக்காரத் தம்பியின் கேள்விக்கு, ஆக, விடை ஓரளவு வந்துகொண்டிருக்கிறது. என் கேள்வி வேறு மாதிரியானது.

2018 செப்டம்பரில் எனக்கு வலது அடிவயிற்றில் வலி தொடங்கியது. சாயங்காலமானால் லேசான காய்ச்சல். தீபாவளிக்குள் 58 கிலோ 47 ஆகிவிட்டது. மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி வரவில்லை, கண்ணேறு பெரிது என்றார். குடல்வால் என்று நினைத்து ஸ்கேன் எடுத்ததில் குடல்வால் ஒழுங்காக இருந்தது. டிசம்பரில் கொலோனாஸ்கோப்பி. இரண்டு லிட்டர் பொடிக்கரைசலைக் குடித்து இரவெல்லாம் கழிப்பறையில் குடியிருந்ததைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம், வேண்டாம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்தில் புண்கள். திசுப் பரிசோதனையில் கிரானுலோமா என்ற உயிரணுத் திரட்சி. அறிக்கையின் கடைசி வரி ஏறத்தாழ இப்படி இருந்தது: காசநோயாக இருக்கலாம், க்ரோன் நோயாகவும் இருக்கலாம்; நோய்க்குறிகளோடு ஒப்பிட்டு முடிவு செய்யவும்.

'ஏதேனும் ஒன்றுக்கு விடையளி' என்ற வகைக் கேள்வி.

காசநோய் கிருமியால் வருவது. க்ரோன், உடம்பின் எதிர்ப்பு ஆற்றலே குடலைத் தாக்கும் நாள்பட்ட அழற்சி. ஆனால் இந்த இரண்டு நோய்களும் ஒன்று போலவே நடிப்பதில் தேர்ந்தவை. இரண்டுக்கும் பிடித்த இடம் அந்தச் சந்துதான். இரண்டிலும் காய்ச்சல், எடைக்குறைவு, புண், குடல் குறுக்கம், கிரானுலோமா. வேறுபாடுகள் புத்தகத்தில் இருக்கின்றன: காசநோய்ப் புண் குடலுக்குக் குறுக்கே வளையம்போல் ஓடும், க்ரோன் புண் நெடுக்கே ஓடும், காசநோயில் சந்தின் வால்வு வாய் பிளந்து நிற்கும், க்ரோனில் நல்ல சுவரும் கெட்ட சுவரும் மாறி மாறி வரும். என் குடல் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை.

சிகிச்சைகளோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒன்றுக்குக் கிருமியைக் கொல்ல வேண்டும். மற்றதற்கு உடம்பின் எதிர்ப்பு ஆற்றலையே அடக்க வேண்டும். காசநோய்க்காரருக்கு அடக்கும் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2001-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வறிக்கை போதும்: இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் தலைதூக்கியதை அது பதிவு செய்தது. அதனால் நம் நாட்டில் ஐயம் தீராதபோது காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். என் மருத்துவர் இதையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டு விளக்கினார். அவர் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

க்ரோன் நோய்க்குப் பெயர் வந்த கதையே காசநோயிடமிருந்து பிரிந்து வந்த கதைதான். 1913-இல் கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் டால்ஸியெல், குடல் தடித்து அடைத்துக்கொண்ட சில நோயாளிகளை விவரித்தபோது, மாடுகளுக்கு வரும் ஜோன் நோயைப் போல இருக்கிறது என்றார். ஜோன் நோய்க்குக் காரணம் காசநோய்க் கிருமியின் பங்காளி. விலங்கியல் ஆசிரியையான நான் இதைப் படித்த அன்று, இத்தனை ஆண்டு மாட்டைப் பற்றிப் பாடம் எடுத்ததற்கு மாடு பழிவாங்கிவிட்டது என்று கணவரிடம் சொன்னேன். 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் இது காசநோய் அல்ல, தனி நோய் என்று எழுதினார்கள். ஆங்கில அகரவரிசையில் க்ரோன் முதலில் வந்ததால் நோய்க்கு அவர் பெயர். அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அறுவை செய்த பெர்க் என்பவர் தன் பெயரைக் கட்டுரையில் போட வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்; போட்டிருந்தால் எனக்கு வந்திருப்பது பெர்க் நோய். நியூயார்க்கில் அன்றே பிரித்துவிட்டார்கள். நம் வார்டுகளில் அவை இரண்டும் இன்னும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

2019 ஜனவரியில் காசநோய் மாத்திரை தொடங்கியது. அதில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் என்று முன்பே சொல்லியிருந்தும் முதல் நாள் பதறிப்போனேன். காசநோயாளி என்று அரசுப் பதிவேட்டில் ஏறியதால், சத்துணவுக்கென மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவாயிற்று. மாமியார் அதில் முட்டை வாங்கினார். ஆறு வாரத்தில் காய்ச்சல் நின்றது. மூன்று கிலோ ஏறினேன். வீடே நிம்மதியடைந்தது.

"டீச்சர், உடம்பு தேறுவது சாட்சி இல்லை. புண் ஆறியதா என்பதுதான் சாட்சி. மூன்றாம் மாதம் வந்துவிடுங்கள், மறுபடி உள்ளே பார்க்க வேண்டும்" என்றார் மருத்துவர். மூன்றாம் மாதம் என்றால் ஏப்ரல். தேர்வு முடிந்து திருத்தும் முகாம் நடக்கும் நேரம். நன்றாகத்தானே இருக்கிறோம், விடுமுறை வரட்டும் என்று விட்டுவிட்டேன். விடுமுறையில் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து. ஜூலையில் வயிறு பானைபோல் உப்பி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வெளியே வந்தபோதுதான் மறுபடி கொலோனாஸ்கோப்பி மேசையில் படுத்தேன். புண்கள் அப்படியே இருந்தன. கூடவே குறுக்கம், கருவி அந்தச் சந்தைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் நுழையவில்லை. க்ரோன் நோயாளிகளில் சிலருக்கும் காசநோய் மருந்து சில வாரங்கள் தெம்பைக் கொடுத்துவிடும். புண்ணை மட்டும் ஆற்றாது. ஏப்ரலில் போயிருந்தால் அந்த மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். யாரையும் நொந்துகொள்ள வழியில்லாத தவறு அது, என்னைத் தவிர.

டிசம்பர் மாதத்து அந்த முதல் படங்களை ஓர் இயந்திரத்திடம் காட்டியிருந்தால் அது சொல்லியிருக்குமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில ஆண்டுகளாகக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

நுரையீரல் காசநோய் என்றால் கதையே வேறு. மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோயைச் சந்தேகிக்கும் மென்பொருள்களைப் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்துவிட்டது. மும்பையின் க்யூர் நிறுவனம் அந்தத் துறையில் நன்கு அறியப்பட்ட பெயர். அது அங்கே கைகூடியதற்கு ஒரு முக்கியக் காரணம், சளி. எக்ஸ்ரேயைப் பார்த்து இயந்திரம் சொன்னது சரியா என்று சளியை எடுத்து மரபணுச் சோதனை செய்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். விடைக்குறிப்பு கையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் திருத்திப் பழக்கலாம்.

குடல் காசநோயில் கிருமிகள் மிகக் குறைவு. திசுவைச் சாயமேற்றிப் பார்த்தாலும், வளர்த்துப் பார்த்தாலும் பலரிடம் எதுவும் அகப்படுவதில்லை. பிறகு எது விடைக்குறிப்பு? மருந்து கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி உள்ளே கேமராவை விட்டுப் பார்க்கும்போது புண் ஆறியிருந்தால் காசநோய், இல்லையென்றால் க்ரோன். ஒரு நோயாளியின் ஒரு படத்தின்மேல் 'காசநோய்' என்று உறுதியாக எழுத அரை ஆண்டும் இரண்டு கொலோனாஸ்கோப்பியும் செலவாகின்றன. நடுவில் நோயாளி முகாமுக்குப் போய்விடாமல் இருக்கவும் வேண்டும்.

அதனால்தான் மேயோ மதிப்பெண்ணுக்குப் பல்லாயிரம் படங்கள் சேர்ந்த வேகத்தில் இதற்குச் சேரவில்லை. 2020-இல் பெய்ஜிங்கிலிருந்து வந்த ஓர் ஆய்வில் மொத்தம் 6,399 நோயாளிகள். பெருங்குடல் புண் அழற்சி 5,128 பேர், க்ரோன் 875 பேர், குடல் காசநோய் வெறும் 396 பேர். ஒரே பாடத்தை விழுந்து விழுந்து படித்துவிட்டு மற்ற இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு வரும் மாணவனை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆய்வில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இயந்திரத்துக்குக் கொடுத்தது படங்களை அல்ல. படத்தைப் பார்த்து மருத்துவர்கள் எழுதிய வர்ணனையை. எந்த இடத்தில், எந்த வடிவில், எத்தனை புண் என்று பார்த்த கண் பொறுமையாக எழுதி வைத்திருந்ததால் அதிலிருந்து கற்க முடிந்தது. என் முதல் அறிக்கையில் வர்ணனை மொத்தம் ஒன்றரை வரி.

எனக்கு நம்பிக்கை தரும் வழி ஒன்று டெல்லி எய்ம்ஸிலிருந்து வந்திருக்கிறது, அது இயந்திரத்தைப் பற்றியதே அல்ல என்றாலும். க்ரோன் நோயில் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு பெருகி, குடலின்மேல் படர்ந்து ஏறும் என்பது அறுவை மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். 2017-இல் எய்ம்ஸ் குழுவினர் சி.டி. படத்தில் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பின் பரப்பையும் தோலடிக் கொழுப்பின் பரப்பையும் அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்தார்கள். விகிதம் 0.63-ஐத் தாண்டினால் க்ரோன் பக்கம், குறைந்தால் காசநோய்ப் பக்கம். க்ரோன்காரர்களில் 82 விழுக்காட்டினரை இது பிடித்தது. காசநோய்க்காரர்களில் 81 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. நாளுக்கு நூறு ஸ்கேன் பார்க்கும் கதிரியக்க மருத்துவர் உட்கார்ந்து கொழுப்பின் எல்லையைக் கோடு போட்டு அளப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இயந்திரத்துக்கு அது தூக்கத்தில் செய்யும் வேலை. தீர்ப்பு எழுதச் சொல்லாமல் அளவெடுக்கச் சொல்வது அதற்கும் நமக்கும் பொருத்தமான உறவு என்று படுகிறது. கொழுப்பு, சுவரின் தடிப்பு, எத்தனை சென்டிமீட்டர் நீளம் நோய்ப்பட்டிருக்கிறது, நிணநீர்க் கணு எவ்வளவு பெரிது என எல்லாவற்றையும் எண்ணாக ஒரு தாளில் வைத்துவிட்டால், அந்த வெள்ளைத் தாளில் படம் போட்ட மருத்துவருக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைத்திருக்கும். எனக்கு எடுத்த சி.டி.யில் கொழுப்பை யாரும் அளக்கவில்லை. அளந்திருந்தாலும் தப்பிவிடும் அந்தப் பதினெட்டு விழுக்காட்டில் நான் இருந்திருக்கலாம்.

தீர்ப்பு எழுதச் சொல்வதில் எனக்கு இருக்கும் அச்சத்துக்குக் காரணம், க்ரோன் வேலை பார்த்த அதே மவுண்ட் சினாயில் கிடைத்த ஒரு பாடம். 2018-இல் வந்த ஆய்வு அது. மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பல மருத்துவமனைகளின் படங்களைக் கலந்து பழக்கியிருந்தார்கள். மவுண்ட் சினாய்ப் படங்களில் நிமோனியா 34 விழுக்காடு. மற்ற இரண்டு இடங்களில் ஒரு விழுக்காட்டை ஒட்டி. இயந்திரத்தால் ஒரு படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதைக் கிட்டத்தட்டத் தவறே இல்லாமல் சொல்ல முடிந்தது. இடது வலது காட்ட ஓரத்தில் வைக்கும் உலோக வில்லைகூட அதற்குத் துப்பு. எந்த மருத்துவமனை என்று தெரிந்துவிட்டால் நிமோனியா இருக்குமா என்று ஊகிக்க நுரையீரலை ஏன் பார்க்க வேண்டும்? தேர்வு எண்ணைப் பார்த்தே எந்தப் பள்ளி என்று கண்டுகொண்டு, அந்தப் பள்ளிக்கு ஏற்றபடி மதிப்பெண் போடுகிற ஆள். இதைத் தடுக்கத்தான் நாங்கள் எண்ணை மறைத்துப் போலி எண் போடுகிறோம். இப்போது நினைத்துப் பாருங்கள்: க்ரோன் படங்கள் பெல்ஜியத்திலிருந்தும், காசநோய்ப் படங்கள் வேலூரிலிருந்தும் வந்தால், இயந்திரம் எதைக் கற்றுக்கொள்ளும்? கேமராவின் தயாரிப்பை, விளக்கின் நிறத்தை, திரையின் மூலையில் இருக்கும் எழுத்துருவை. பிறகு அதைக் கொண்டுவந்து மதுரையில் வைத்தால் வருகிற எல்லோரையும் காசநோய்க்காரர் என்று சொல்லிவிட்டு நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினாலும் வாங்கும்.

மாத்திரைக் கேமரா பற்றியும் கேட்பீர்கள். இஸ்ரேலியப் பொறியாளர் காவ்ரியேல் இத்தானின் யோசனை. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விழுங்கினால் எட்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரம் படத்துக்கு மேல் எடுத்துத் தள்ளும். அதை உட்கார்ந்து பார்ப்பவரின் பாட்டை எண்ணிப் பாருங்கள். சீனாவில் 77 மருத்துவ மையங்களின் 6,970 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், மருத்துவர் தனியாகப் பார்க்கச் சராசரியாக 96.6 நிமிடம் ஆனது, இயந்திரம் பொறுக்கிக் கொடுத்ததைப் பார்க்க 5.9 நிமிடம் போதுமானது. இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இஸ்ரேலில் க்ரோன் நோயாளிகளின் புண் தெரிந்த 1,108 மாத்திரைக் கேமராப் படங்களுக்கு 1 முதல் 3 வரை கடுமை மதிப்பெண் போடச் சொன்னபோது, பார்த்த இருவரும் ஒத்துப்போனது 345-இல் மட்டும். 31 விழுக்காடு! எங்கள் மேசையே தேவலை. அதே குழு 49 நோயாளிகளின் 17,640 படங்களைக் கலைத்துப் போட்டு, ஒரே நோயாளியின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் வரும்படி இயந்திரத்தைச் சோதித்தபோது, புண்ணைக் கண்டுபிடிப்பதில் அதன் துல்லியம் 95 விழுக்காட்டுக்கு மேல். ஒரு நோயாளியின் படங்களைப் பயிற்சியில் காட்டாமல் ஒதுக்கி வைத்து, அவரிடமே சோதித்தபோது, சிலரிடம் 98-ம் சிலரிடம் 74-ம் வந்தன. திருப்புதல் தேர்வில் வந்த கேள்வியே பொதுத்தேர்விலும் வந்தால் எல்லோரும்தான் எழுதுவார்கள். அந்த 74-ஐயும் மறைக்காமல் அச்சிட்டதற்காக அவர்களை மதிக்கிறேன். எனக்கு அந்த மாத்திரையைக் கொடுக்க முடியாது, குறுக்கத்தில் சிக்கிக்கொள்ளும்.

போலந்துக் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெருங்குடலில் வளரும் சிறு முளைகளைத் திரையில் கட்டம் கட்டிக் காட்டும் இயந்திரம் நான்கு மையங்களில் வந்தது. சில மாதம் கழித்து, அது இல்லாமல் செய்யும் பரிசோதனைகளில் அதே மருத்துவர்கள் அடினோமா முளைகளை, அதாவது பின்னால் புற்றாக மாறக்கூடியவற்றைக் கண்டுபிடிக்கும் விகிதம் 28.4-லிருந்து 22.4 விழுக்காடாக இறங்கியிருந்தது. 2025-இல் வந்த ஆய்வு. ஒரே ஓர் ஆய்வை வைத்துக் கூரையேறிக் கத்த மாட்டேன். ஆனால் கால்குலேட்டர் வந்தபின் கூட்டலில் தப்பு விடாத தேர்வாளர் எங்கள் முகாமில் இரண்டே பேர். இருவரும் ஓய்வு பெறப் போகிறார்கள்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில், இப்போது நான் போகும் மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் ஒரு படிவத்தோடு வந்தார். என் படங்களைச் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த ஒப்புதல் கேட்டார்கள். பெயர் வராது, ஊர் வராது என்றார். உடனே கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, "என் முதல் கொலோனாஸ்கோப்பிப் படங்கள் இங்கே இல்லையே டாக்டர், அவை பழைய மருத்துவமனையில் அல்லவா இருக்கின்றன" என்றேன். அதனால் என்ன, நம்மிடம் இருப்பதே போதும் என்றார். அவருக்குப் போதும். எனக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பஸ்ஸில், அதே நினைப்பு. அந்த முதல் படங்களின்மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறது? அந்த மருத்துவமனையிலும் ஒரு நாள் ஓர் இளம் மருத்துவர் படங்களைத் திரட்டுவார் அல்லவா?

மே விடுமுறையில் போனேன். ஆவணப் பிரிவில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்தார். நோய்: குடல் காசநோய். முடிவு: சிகிச்சை நிறைவு.

"இது காசநோய் இல்லை சார். ஏழு மாதம் கழித்து க்ரோன் என்று உறுதியாகிவிட்டது. இதோ அறிக்கை."

"அம்மா, இது முடிந்துபோன ஃபைல். சிகிச்சை முடிந்தது என்றுதானே இருக்கிறது, நல்லதுதானே?"

"முடிந்தது சரி. நோய் தப்பு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுமதிப்பீடு கேட்டு வரும் பெற்றோரை நான் பார்த்த பார்வை அது. எனக்கு அடையாளம் தெரிந்தது. திருத்த வேண்டுமானால் கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, அனுப்புநர் பெறுநர் எல்லாம் போட்டு, பொருள் என்ற இடத்தில் 'நோயின் பெயரைத் திருத்தக் கோருதல்' என்று எழுதிக் கொடுத்தேன். நகலில் முத்திரை குத்தித் தேதி போட்டுத் தந்தார்.

அதன்பிறகு மூன்று முறை போன் செய்துவிட்டேன். போன வாரம் ஒரு பெண் எடுத்தார். இரண்டாவது பயாப்ஸி அறிக்கையின் நகலில் சான்றொப்பம் வாங்கி, நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டுமாம். எங்கள் தலைமையாசிரியரிடம் பச்சை மைப் பேனா இருக்கிறது. திங்கட்கிழமை கேட்க வேண்டும்.